அரைக்கட்டை இறங்கிய கிட்டார்

அத்தியாயம் 7

“கொலைன்னா ரத்தம் இருக்கும். திருட்டுன்னா ஏதாவது காணாமப் போயிருக்கும். இங்க ரெண்டும் இல்ல. பின்ன எதுக்கு மாமா நாம வந்திருக்கோம்?” என்றான் வாய்.

“உங்க அக்கா போகச் சொன்னா. வந்திருக்கோம்,” என்றார் மூக்கு.

அதற்கு மேல் அந்த வாதம் ஓடாது என்று இருவருக்குமே தெரியும்.

அவர்களுடைய துப்பறியும் நிலையத்தின் பெயர்ப்பலகையில் வேறு ஏதோ கௌரவமான பெயர்தான் எழுதியிருக்கிறது. யார் படித்தார்கள்? எதையும் மோப்பம் பிடித்துவிடுகிறவர் என்பதால் அவர் மூக்கு. அவருடைய மனைவியின் தம்பி வாய். அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றாலே விளங்கிவிடும்.

இசை விழா மைதானம் ஒரே அமளியாக இருந்தது. பெரிய மேடை தூரத்தில் கம்பீரமாக நின்றது. இவர்கள் போக வேண்டியது சின்ன மேடை. இன்னும் பேர் வாங்காத ராக் பேண்டுகள், சொந்தக்காரர்களின் கைதட்டலை நம்பி ஏறுகிற இடம் அது. தரையெல்லாம் ஒயர். ஒரு ஒயரைத் தாண்டினால் இன்னொரு ஒயர் காலை வாரியது.

மேடை மேனேஜர் ஓடி வந்தாள். வாயின் அக்காவுக்குச் சிநேகிதி. கழுத்தில் மூன்று அடையாள அட்டை, கையில் வாக்கி டாக்கி, கண்ணில் அழுகை வர வேண்டுமா வேண்டாமா என்கிற நிலை.

“சார், ரெண்டு பேண்டுக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன். ஒண்ணு ஈரத்துண்டு. இன்னொண்ணு இரும்புக் கொசு.”

“மேடம், இவங்க பேர் வச்சுட்டு பேண்ட் ஆரம்பிச்சாங்களா, இல்ல தூக்கத்துல வச்சாங்களா?” என்றான் வாய்.

“மாப்ளே, சும்மா இரு.”

விஷயம் இதுதான். ஈரத்துண்டின் பாடகனை எல்லோரும் உச்சி என்பார்கள். அவனுடைய பாட்டு ஒன்றின் கடைசி வரியில் ஒரு சுரம் வரும். அவ்வளவு உயரத்தில் போய் நின்று அசையாமல் பிடிப்பான். அந்த ஒரு சுரத்துக்காகவே கூட்டம் செல்போனைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும். இன்று சின்ன மேடையில் யார் கூட்டத்தை அள்ளுகிறார்களோ அவர்களுக்கு நாளை பெரிய மேடை. போட்டியே ஈரத்துண்டுக்கும் இரும்புக் கொசுவுக்கும்தான். அடுத்தடுத்து ஏறுகிறார்கள். கூடாரமும் இருவருக்கும் ஒன்றே.

“காலைல சவுண்ட் செக் பண்ணும்போது உச்சியோட கிட்டார் சரியா இருந்துச்சு. சாப்பிட்டுட்டு வந்து எடுத்தா எல்லாக் கம்பியும் இறங்கிக் கிடக்கு. இரும்புக் கொசுல கிட்டார் வாசிக்கிற தாடிதான் பண்ணான், அவனை வெளிய அனுப்பு, இல்ல நான் ஏறமாட்டேன்னு குதிக்கிறான்.”

“அனுப்பிட்டா?”

“அப்புறம் எந்த விழாவுலயும் அவங்களை யாரும் கூப்பிடமாட்டாங்க சார். அடுத்தவன் கிட்டாரைக் கெடுத்தவன்னு பேர் ஒட்டிக்கிச்சுன்னா கழுவவே முடியாது.” அவள் பெருமூச்சு விட்டாள். “தாடி நல்ல மனுஷன்தான். ஆனா அந்த பேண்டே எனக்குத் தலைவலி. தாடியோட மாமனார் ஒரு பழைய அக்கார்டியன் பொட்டி வச்சிருக்காரு. அது எந்தச் சுருதிக்கும் அடங்காது. அதைத் திருத்தவும் முடியாதாம். அதனால மத்த எல்லாரும் பொட்டிக்குத் தக்கபடி வாத்தியத்தை இறக்கிப்பாங்க. சவுண்டுக்காரர் காதைப் பொத்திக்கிறாரு.”

“மாமனாருக்காக மொத்த பேண்டும் இறங்கி வருதா? நல்ல மாப்பிள்ளை,” என்று வாய் மூக்கைப் பார்த்தான். மூக்கு கூடாரத்தை நோக்கி நடந்தார்.

கூடாரத்துக்குள் சரியான புழுக்கம். ஒரு மூலையில் ஈரத்துண்டின் டிரம்மர், பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கேயேதான் இருந்தானாம். சாட்சி என்றால் அவன்தான் ஒரே சாட்சி. எழுப்பிக் கேட்டதற்கு, “நாம ஏறியாச்சா?” என்று கேட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.

உச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தப் புழுக்கத்திலும் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்.

“யார் மேல சந்தேகம் தம்பி?” என்றார் மூக்கு.

உச்சி கூடாரத்தின் மறுபாதியைக் கையால் காட்டினான்.

“ஏன் அப்படி நினைக்கிறீங்க?”

உச்சி தாடியை உருவுகிற மாதிரி சைகை செய்து, விரல்களால் நாளைய பெரிய மேடையைக் காட்டினான்.

“மேடைல பாட்டா, நாடகமா?” என்று வாய் கிசுகிசுத்தான்.

உச்சியின் அக்கா ஓரமாக உட்கார்ந்து தன் பேஸ் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே பளபளவென்று இருந்த கிட்டார். அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. மூக்கின் கண் ஒரு விநாடி அங்கே போய்விட்டுத் திரும்பியது.

“மாப்ளே, எனக்குச் சுருதியும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. நீதான் கிட்டார் கத்துக்கிட்டவனாச்சே. பாரு.”

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைக் கவர்வதற்காக வாய் கிட்டார் கற்றான். பெண் சரி என்றதும் கிட்டாரை விட்டுவிட்டான். இருந்தாலும் கம்பீரமாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கிட்டாரின் தலையில் செருகியிருந்த ட்யூனரை உயிர்ப்பித்தான். கம்பி சரியாக நின்றால் பச்சை விளக்கு எரிகிற சின்னக் கருவி அது. ஒவ்வொரு கம்பியாகத் தட்டினான். முகம் மாறியது.

“மாமா, கண்டபடி கலைக்கல. எல்லாக் கம்பியும் ஒரே அளவு இறங்கியிருக்கு, சுருதியில ஒரு சின்னப் படி. அரைக்கட்டை. அப்படியே பாட்டு வாசிக்கலாம். சுத்தமா இருக்கும், கொஞ்சம் கீழ இருக்கும், அவ்வளவுதான்.”

“பச்சை எரியுதா?”

“இல்ல. அரைக்கட்டைக்கும் கீழ இன்னும் ஒரு இழை இறங்கியிருக்கு. அதுவும் எல்லாத்துலயும் ஒரே இழை.”

மூக்கு தன் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். ஏதோ சிக்கிவிட்டது என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் வாய் படபடத்தான். “தாடிதான் மாமா. சந்தேகமே வேண்டாம். போட்டிக்காரன், பக்கத்துலயே இருக்கான், வாய்ப்பு கிடைச்சது, கை வச்சுட்டான். போய்ச் சொல்லிட்டு வீட்டுக்குப் போலாம்.”

“ஏண்டா, நீ ஒருத்தன் கிட்டாரைக் கெடுக்கணும்னா என்ன பண்ணுவ?”

“ஒரு கம்பியைத் திருகி விடுவேன். இல்லன்னா அறுத்துடுவேன்.”

“ஆறு கம்பியையும் உட்கார்ந்து, காது வச்சு, ஒண்ணோட ஒண்ணு சேர்த்து, அழகா அரைக்கட்டை இறக்கி வைப்பியா?”

வாய் யோசித்தான். அபூர்வமான காட்சி.

“கெடுக்க வந்தவன் இவ்வளவு பொறுப்பா கெடுக்கமாட்டான் மாப்ளே. அரைக்கட்டை இறக்கினா யாருக்கு லாபம்? பாடறவனுக்கு. அந்த உச்சி சுரம் கொஞ்சம் கைக்கெட்டுற தூரத்துக்கு வரும். அந்தப் பையன் நம்மகிட்ட ஒரு வார்த்தை பேசினானா? கழுத்துல துண்டு, பக்கத்துல வெந்நீர், பதில் எல்லாம் கையில. அவனுக்குத் தொண்டை போயிருக்கு.”

“அப்ப அவன்மேல அக்கறை உள்ளவங்க பண்ணது.” வாயின் கண் விரிந்தது. “அக்கா!”

அக்காவைத் தனியே அழைத்தார்கள். ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கியிருந்த மறைவில் வந்து நின்றாள். மூக்கு அவளுடைய பேஸ் கிட்டாரைக் கேட்டார். வாய் ட்யூனரைச் செருகித் தட்டினான். அதுவும் அரைக்கட்டை இறங்கியிருந்தது. அதே இழையோடு.

“மாட்டிக்கிட்டீங்க அக்கா,” என்றான் வாய்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “ஒரு வாரமா காலைல எழுந்தா அவனுக்குச் சத்தமே வரல சார். டாக்டர் ஒரு மாசம் வாயே திறக்காதேன்னாரு. இவன் ஒரே ஒரு நாள் திறக்காம இருந்தான். அன்னைக்கு முழுக்கத் தூங்கிட்டான். இந்த நிலைமையில அந்த உச்சியில போய் நின்னா, அப்புறம் குரல் பழையபடி வருமான்னு சொல்ல முடியாதுன்னாரு. அரைக்கட்டை இறக்கிப் பாடுடா, கூட்டத்துக்குத் தெரியக்கூடத் தெரியாதுன்னு காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேன். போன வருஷம் நம்மள வாசல்லயே திருப்பி அனுப்பினாங்க, இந்த வருஷம் அந்தச் சுரத்துக்காகத்தான் கூப்பிட்டாங்க, இறக்கினா எனக்கு நானே துரோகம் பண்ற மாதிரிங்கறான்.”

“அதனால நீங்களே இறக்கிட்டீங்க.”

“நான் இறக்கல சார்!” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சத்தியமா இல்ல. சாப்பிட்டு நான்தான் முதல்ல வந்தேன். சின்ன வயசுலேருந்து அவன் கிட்டாரைத் தட்டிப் பார்த்துத்தான் என்னுதைச் சேர்ப்பேன். தட்டினேன், இறங்கியிருந்துச்சு. அப்பாடா, கடைசில புத்தி வந்து அவனே இறக்கிட்டான்னு நினைச்சேன். கேட்டா மறுபடி ஏத்திடுவானோன்னு பயம். வாயைத் திறக்காம என்னுதையும் இறக்கிட்டேன். அவன் வந்து எடுத்துக் கத்தின பிறகுதான் அவன் பண்ணலன்னே தெரிஞ்சுது.”

“ஏன் அப்பவே சொல்லல?”

“சொன்னா ரெண்டையும் ஏத்துடின்னு நிப்பான். இந்தக் களேபரத்துல அவன் ஏறாமலே போனாலும் பரவாயில்லைன்னு தோணிச்சு. ஆனா பாவம், தாடி அண்ணன் மேல பழி போகுதேன்னு மனசு கேக்கல.”

அவள் பொய் சொல்லவில்லை. வாய்க்கே அது தெரிந்தது. அவனுக்குத் திடீரென்று தன் அக்கா ஞாபகம் வந்து, இன்று காலை அவள் போன் செய்தபோது எடுக்காமல் விட்டதை நினைத்துக் கொஞ்சம் சங்கடப்பட்டான்.

“டிரம்மர் தூங்கினான். தம்பி பண்ணல. அக்கா பண்ணல. அப்ப கிட்டார் தானாவே கீழ இறங்கி வந்துச்சா மாமா?”

“அந்த இழையை விட்டுட்டியே மாப்ளே. அரைக்கட்டை இறக்கினது யோசிச்சுப் பண்ணது. அந்த இழை யோசிக்காம வந்தது. இங்க எல்லாரும் ட்யூனர் வச்சுத்தான் சேர்க்கிறாங்க. ட்யூனர் வச்சுச் சேர்த்திருந்தா பச்சை எரிஞ்சிருக்கும். இதைப் பண்ண ஆளுக்கு ட்யூனர் பழக்கம் இல்ல. அவன் காதுக்குள்ள வேற ஒரு சுருதி குடியிருக்கு. அதுதான் சரின்னு அந்தக் காது நினைக்குது. கிட்டாரை எடுத்துக்க. வா.”

ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வயிற்றின்மேல் அக்கார்டியன், குழந்தை மாதிரி சாய்ந்திருந்தது. பக்கத்தில் தாடி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பெயருக்குக் குறைவில்லாத தாடி.

“மாமா,” என்றான் வாய். இரண்டு மாமாக்களும் திரும்பினார்கள்.

மூக்கு பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டார். “ஐயா, இந்தப் பையன் ஒரு கம்பி தட்டுவான். அதே சுரத்தை உங்க பொட்டியில பிடிக்க முடியுமா?”

“என் பொட்டியில பிடிக்க முடியாத சுரம் இருக்கா?” பெரியவர் ரோஷத்தோடு துருத்தியை விரித்தார். வாய் கம்பியைத் தட்டினான். பெரியவர் கட்டைமேல் விரலை வைத்தார். இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எது கம்பி, எது பெட்டி என்று பிரிக்க முடியவில்லை. அடுத்த கம்பி. அதுவும் அப்படியே.

“அட! இது நம்ம பொட்டிச் சுருதியாச்சே! யார் கிட்டார் இது?” என்று பெரியவர் சந்தோஷப்பட்டார்.

தாடி ஒயரைக் கீழே வைத்தார்.

“அதைத்தானே மாமா நான் முதல்லயே சொன்னேன்!” என்று வாய் குதித்தான்.

“ஆள் சரி, காரணம் தப்பு. பாதி மார்க். பேசாம நில்லு.”

தாடி பேசினார். குரல் என்று சொல்ல முடியாது. காய்ந்த இலையை மிதித்தால் வருகிற சத்தம். “நான் மறுக்கல சார். காலைல கூடாரத்துக்கு அந்தப் பக்கம் அவன் பாடிப் பழகினான். மேல போகும்போது ஒரு சத்தம் வந்துச்சு. துணி கிழியற மாதிரி. அந்தச் சத்தம் எனக்கு நல்லாத் தெரியும்.”

“எப்படி?”

“நானும் பாடிக்கிட்டு இருந்தவன்தான். உச்சியில நிக்கிறவன்தான். கேட்கறதுக்கு ஆளே இல்லாத ஒரு ஹால்ல, வீம்புக்கு ஒருநாள் நின்னேன். அதோட போச்சு. அப்புறம் மைக் பக்கமே போகல. இப்ப என் பொண்டாட்டி பாடறா, நான் பின்னாடி நின்னு வாசிக்கிறேன்.” தாடி கையை விரித்தார். “அவன்கிட்ட சொன்னா கேட்பானா? போட்டிக்காரன் பொறாமையில சொல்றான்ம்பான். டிரம்மர் தூங்கிட்டிருந்தான். எடுத்தேன், இறக்கினேன். மேடையில எடுத்துப் பார்த்தா மறுபடி ஏத்த நேரமிருக்காதுன்னு நினைச்சேன். அவ்வளவுதான்.”

“முதல்லயே சொல்லியிருக்கலாமே. உங்களைத்தானே வெளிய அனுப்பச் சொல்றான்?”

“சொன்னா கையோட ஏத்திடுவான். என்னைத் திட்டிட்டு அனுப்பட்டும். எனக்கு இதைவிட்டா வேற விழா கிடைக்காதுதான், என்ன பண்றது? அவன் தொண்டையாவது மிஞ்சட்டும்.”

“என் தொண்டை மேல உங்களுக்கு என்னண்ணே அக்கறை?”

எல்லோரும் திரும்பினார்கள். வண்டிக்குப் பக்கத்தில் உச்சி நின்றான். கிட்டாரைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறான். பின்னாலேயே அவன் அக்கா. அவன் எவ்வளவு கேட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது. கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தால் மனிதன் கோபத்தைத்தான் முதலில் எடுத்து வெளியே வைப்பான். வாயின் கையிலிருந்து கிட்டாரைப் பிடுங்கினான். அங்கேயே நின்று ஒவ்வொரு கம்பியாக முறுக்கி ஏற்றினான். பச்சை, பச்சை, பச்சை. ஆறும் பச்சை.

“உங்களை மாதிரி பயந்து பின்னாடி போய் நிக்க நான் வரல,” என்று கரகரத்துவிட்டு மேடையை நோக்கி நடந்தான்.

தாடி குனிந்து ஒயரை மறுபடி கையில் எடுத்தார். பெரியவர் துருத்தியை மடக்கிக்கொண்டே, “இந்த வயசுல நீயும் இப்படித்தான் இருந்த,” என்றார்.

“கேஸ் முடிஞ்சுது மாமா. ஆனா சந்தோஷமாவே இல்லையே,” என்றான் வாய். மூக்கு மேடையை நோக்கி வேகமாக நடந்தார்.

மேடைக்கு முன்னால் நல்ல கூட்டம். டிரம்மர் ஒருவழியாக விழித்துவிட்டிருந்தான். குச்சியைத் தட்டி நாலு எண்ணினான். உச்சி கிட்டாரை மீட்டினான். அக்கா பேஸை மீட்டினாள்.

ஐயோ, அந்தச் சத்தம்! ஒருவரையொருவர் முட்டித் தள்ளிக்கொண்டு ஒரே வாசலில் நுழைகிற இரண்டு பேர் மாதிரி இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் கையிலிருந்த காப்பியைக் கீழே விட்டாள். சவுண்டுக்காரர் தலையில் கை வைத்தார்.

உச்சி சட்டென்று நிறுத்தினான். அக்காவைப் பார்த்தான். ‘ஏத்து’ என்று கண்ணால் காட்டினான். அக்கா தன் இரண்டு கைகளையும் பேஸ்மேல் கோத்து வைத்துக்கொண்டாள். அசையவில்லை. இத்தனை வருஷமாக அவன் ஏற்றினால் ஏற்றி, இறக்கினால் இறக்கினவள். முதல் தடவையாக, அதுவும் இத்தனை பேர் பார்க்க, முடியாது என்று நின்றாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அதையும் துடைக்கவில்லை.

டிரம்மருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுபடி நாலு எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

“ஏண்டா, எண்ணவா வந்தீங்க?” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். சிரிப்பு எழுந்தது.

“இறக்குடா, இறக்கேன்டா,” என்று வாய் தன்னை அறியாமல் முணுமுணுத்தான்.

உச்சி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்தான். கிட்டாரின் தலையிலிருந்து ட்யூனரைக் கழற்றிக் கீழே வைத்தான். முதல் கம்பியை மெல்ல இறக்கினான். அக்கா தன் கம்பி ஒன்றைத் தட்டிக் காட்டினாள். அவன் காது வைத்துச் சேர்த்தான். அடுத்தது. அடுத்தது. கூட்டத்தின் சிரிப்பு அடங்கிவிட்டது. மேடைமேல் அக்காவும் தம்பியும் என்னவோ பேசிக்கொள்கிறார்கள் என்று எல்லோருக்கும் விளங்கியது. என்ன என்றுதான் விளங்கவில்லை.

டிரம்மர் நிம்மதியாக நாலு எண்ணினான்.

பாடினான் பாருங்கள்! பழைய மினுமினுப்பு இல்லை. ஓரங்களில் கரகரப்பு இருந்தது. ஆனால் கடைசி வரியில் அந்தச் சுரம் வந்தபோது, கிழியாமல், நடுங்காமல் முழுசாக நின்றது. தூக்கிய செல்போன்கள் இறங்கவில்லை. மேடையோரத்தில் தாடி கண்ணை மூடிக்கொண்டு நின்றதை வாய் பார்த்தான்.

கைதட்டல் ஓயவில்லை. அடுத்து ஏற வேண்டிய இரும்புக் கொசு கிட்டாரோடு படியில் காத்திருந்தது. உச்சி இறங்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டான்.

“ஒரு நிமிஷம். எனக்குத் தொண்டை சரியில்ல. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, என் கிட்டாரைக் கெடுத்துட்டாருன்னு இன்னொருத்தர் மேல மத்தியானத்துலேருந்து பழி போட்டேன். அவர் கெடுக்கல. நான் கெட்டுப் போகாம பார்த்துக்கிட்டாரு. நான் அவரைக் கோழைன்னு வேற சொல்லிட்டேன். இப்ப அவங்கதான் வாசிக்கப் போறாங்க. எனக்குத் தட்டினதைவிட…”

குரல் உடைந்தது. இருமல் வந்தது. விடாமல் மறுபடி ஆரம்பித்தான். “எனக்குத் தட்டினதைவிட அவங்களுக்கு…”

தாடியால் பொறுக்க முடியவில்லை. இரண்டே எட்டில் மேடையேறி, உச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு, காதோடு காதாகச் சொன்னார். மைக் இருவரின் முகத்துக்கும் நடுவில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. எத்தனையோ வருஷமாக எந்த மைக்கும் கேட்காத அந்தக் காய்ந்த குரல், மைதானத்தின் எல்லா ஸ்பீக்கரிலும் ஒன்றாகக் கேட்டது.

“போதும்டா, வாயை மூடு. தொண்டை போயிடும்.”